லெந்து நாட்களில் நான் விட்ட தோட்டம்

என் வாழ்நாளில் நான் மனமறிந்து செய்த தியாகம் ஒன்றே ஒன்றுதான். அதற்குக் கோயிலில் கைதட்டல் கிடைத்தது. ஐயர் என் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். (எங்கள் சபையில் சர்ச்சைக் கோயில் என்றும் குருவானவரை ஐயர் என்றும்தான் சொல்லுவோம். பாளையங்கோட்டைக்கு வெளியே இதைச் சொன்னால் விளக்கம் சொல்லியே வாய் வலிக்கும்.) அந்தத் தியாகத்தை மட்டும் செய்யாமல் இருந்திருக்கலாமே என்று இந்த இருபத்தைந்து வயதிலும் வருத்தப்பட்டுக்கொண்டிருக்கிறேன்.

அப்போது எனக்குப் பதினோரு வயது. ஆறாம் வகுப்பு. கோயில் மணி அடித்தால் ஜன்னல் கம்பி அதிரும் தூரத்தில் எங்கள் வீடு. அப்பா ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தார்; அது பிழைப்பு. கோயில் கமிட்டிக்குச் செயலராக இருந்தார். அதுதான் அவருக்கு உத்தியோகம். அம்மா, அப்பா, நான், அத்தை என்று நாலு பேர். அத்தை அப்பாவின் ஒரே தங்கை. பதினான்கு வயது இளையவள். தாத்தா சீக்கிரம் போய்விட்டதால் அப்பாதான் அவளைத் தூக்கி வளர்த்து, படிக்கவைத்து, தூத்துக்குடியில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் வேலைக்கும் சேர்த்துவிட்டார். திங்கள் முதல் வெள்ளி வரை அங்கே விடுதி. சனிக்கிழமை வீட்டுக்கு வந்தால் ஞாயிறு இரவு வரை என் கட்டிலில்தான் கிடப்பாள்.

அம்மாவின் போனில் அந்தத் தோட்ட விளையாட்டை ஏற்றிக்கொடுத்தவள் அவள்தான். ஒரு துண்டு நிலம், அதில் தக்காளி, வெண்டை, பூசணி, ஒரு கோழி. தினமும் ஒரு தடவையாவது உள்ளே போய்த் தண்ணீர் ஊற்றி, விளைந்ததைப் பறிக்க வேண்டும். நம் தோட்டத்தின் எண்ணை யாருக்குக் கொடுக்கிறோமோ அவர்கள் நமக்குப் பக்கத்துத் தோட்டம். அவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு குடம் தண்ணீர் அனுப்பலாம். கூடவே நாலு முகங்களில் ஒன்றை அனுப்பலாம்: சிரிக்கிற முகம், அழுகிற முகம், தூங்குகிற முகம், நாக்கை நீட்டுகிற முகம். எழுதி அனுப்புவதற்கெல்லாம் வழி கிடையாது. எனக்கு ஒரே ஒரு பக்கத்துத் தோட்டம்தான், அத்தையுடையது. வேலியோரமாக ஒரு பப்பாளி மரம் வைத்திருந்தாள். ஒரே கட்டிலில் ஆளுக்கொரு முனையில் படுத்துக்கொண்டு தண்ணீர் அனுப்பிக்கொள்வோம். நாக்கை நீட்டுகிற முகத்தை அனுப்பிவிட்டு அத்தை நிஜமாகவும் நாக்கை நீட்டுவாள்.

ஆகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை அத்தை வரவில்லை. அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்ற சேதிதான் வந்தது. அந்த அலுவலகத்துக்குத் துறைமுக வேலையாக வந்துபோன ஒருவர். கடற்கரைக்காரர், கத்தோலிக்கர். எங்கள் சபையும் இல்லை, எங்கள் ஆட்களும் இல்லை. இதில் எது பெரிய குற்றம் என்று வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் இரண்டு நாள் காப்பி குடித்துக்கொண்டே பேசினார்கள்.

அப்பா சத்தம் போடவில்லை. அம்மாவின் போனை வாங்கி அத்தையின் எண்ணைத் தடுத்தார். தன் போனிலும் தடுத்தார். ஆல்பத்தை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

“இனிமே இந்த வீட்டுல அவ பேச்சு வரக்கூடாது. வந்துச்சுன்னா நான் மனுசனா இருக்க மாட்டேன். சொல்லிட்டேன்” என்றார். என்னையும் சேர்த்துப் பார்த்துத்தான் சொன்னார்.

ஆனால் தோட்டத்தைத் தடுக்க அவருக்குத் தெரியவில்லை. மறுநாள் சாயங்காலம் ஆறு மணிக்கு, வேலிக்கு மேலாக ஒரு குடம் ஆடி ஆடி வந்து என் தக்காளியில் தண்ணீரைக் கொட்டியது. கூடவே சிரிக்கிற முகம். போனைக் கீழே போடப் பார்த்தேன். சுற்றிப் பார்த்துவிட்டு நாக்கை நீட்டுகிற முகத்தைத் திருப்பி அனுப்பினேன். ஊரே கைகழுவிவிட்ட அத்தைக்கு நான் ஒருத்தி இருக்கிறேன் என்று அன்றைக்கு இருந்த பெருமை இருக்கிறதே, பத்துப் பரீட்சையில் முதல் மார்க் வாங்கினாலும் வராது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதல் மாதம் அது அத்தைக்காக. அதன் பிறகு அது எண்ணிக்கைக்காக.

இந்த மாதிரி விளையாட்டுகளை எப்படிக் கட்டுகிறார்கள் என்று இப்போது எனக்குத் தெரியும். அப்போது தெரியாது. தொடர்ந்து ஏழு நாள் வந்தால் ஒரு பெட்டி. முப்பது நாள் வந்தால் பொன் வேலி. நூறு நாள் வந்தால் கோழிக்குக் கிரீடம். ஒரே ஒரு நாள் தவறினால் எண்ணிக்கை ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். நாலு மணி நேரம் எட்டிப் பார்க்காவிட்டால் கோழி கண்ணீர் விடுகிற படம் வரும். வீட்டில் இட்லிக்கு மாவு இருக்கிறதா என்று நான் ஒருநாளும் கேட்டவள் இல்லை. அந்தக் கோழிக்குத் தீவனம் இருக்கிறதா என்று வகுப்பில் உட்கார்ந்து கவலைப்பட்டேன். காலையில் பூசணி பழுக்கும் நேரத்துக்கு அலாரம் வைத்தேன். குடும்ப ஜெபத்தில் எல்லாரும் கண்ணை மூடியிருக்கும்போது நான் ஒரு கண்ணைத் திறந்து வெண்டைக்காய் பறித்தேன். கணக்கில் நாற்பத்தொன்று வாங்கினேன். அத்தை என்பவள் ஆறு மணிக்கு வரும் ஒரு குடம் என்று ஆகிவிட்டாள். குடம் வந்தால் சரி, தக்காளி வாடாது.

அப்பா ஆறரை மணிக்கு வேலையிலிருந்து வருவார். கைகால் கழுவிவிட்டு, “போன எடு, சார்ஜ் இருக்கான்னு பாப்போம்” என்பார். ஒரு நிமிஷம் பார்ப்பார். திருப்பிக் கொடுத்துவிடுவார். அவர் அப்படியொன்றும் சார்ஜைப் பற்றிக் கவலைப்படுகிற ஆள் கிடையாது. ஆனால் அடி விழாதவரை அப்பா என்ன செய்கிறார் என்று எந்தப் பிள்ளை யோசிக்கிறது?

கிறிஸ்துமஸ் லீவில் மணிமுத்தாறுக்குப் போனோம். அருவியில் குளித்து, அணைக்கட்டுக்கு இறங்கிவந்து கட்டுச்சோறு சாப்பிட்டு முடிக்கும்போது சாயங்காலமாகிவிட்டது. போனில் சிக்னல் ஒரு கோடு கூட இல்லை. எண்ணிக்கை அறுந்துவிடும் என்று நான் அழ ஆரம்பித்தேன். சின்ன அழுகை இல்லை, வேனில் வந்த மற்றவர்கள் பாம்பு கடித்துவிட்டதோ என்று ஓடிவந்த அழுகை.

“ஏட்டி, ஒனக்கு வெக்கமா இல்லையா? எல்லாரும் பாக்காவ” என்று அம்மா தொடையில் கிள்ளினாள்.

அப்பா போனை வாங்கிக்கொண்டு அணைக்கட்டின் படியில் ஏறினார். வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக, ஒரு கையை ஆகாயத்துக்கு நீட்டிக்கொண்டு, அங்கும் இங்கும் கால் மணி நேரம் நடந்தார். கமிட்டி செயலரை அந்தக் கோலத்தில் பார்த்து வேன்காரர் சிரித்தார். கடைசியில் அப்பா மேலேயிருந்து கத்தினார்: “ஒரு கோடு வருது, ஓடியா!”

நான் ஓடினேன். மூச்சுவாங்க வெண்டை பறித்தேன், தண்ணீர் ஊற்றினேன். அப்பா போகாமல் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டே நின்றார். வேலிக்கு மேல் குடம் வந்தது, சிரிக்கிற முகம் வந்தது.

“வந்துட்டா?” என்றார்.

“என்னதுப்பா?”

“தண்ணி” என்றார்.

இவருக்கு எப்படி இந்த விளையாட்டு தெரியும் என்று ஒரு கணம் தோன்றியது. அதற்குள் பூசணி பழுத்துவிட்டது, மறந்துபோனேன். என் எண்ணிக்கைக்காக அப்பா அவ்வளவு தூரம் ஏறினார் என்று பள்ளிக்கூடத்தில் போய்ப் பெருமையடித்தேன்.

பிப்ரவரியில் லெந்து நாட்கள் தொடங்க இருந்தன. ஈஸ்டருக்கு முந்தைய அந்த நாற்பது நாளும் எங்கள் வீடுகளில் கறி மீன் கிடையாது. சிலர் காப்பியை விடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஓய்வுநாள் பள்ளியில் டீச்சர் ஆளுக்கொரு துண்டுத் தாள் கொடுத்து, நமக்கு ரொம்பப் பிடித்த எதை ஆண்டவருக்காக விடப்போகிறோம் என்று எழுதி, எழுந்து நின்று வாசிக்கச் சொன்னார். ஒரு பையன் கத்தரிக்காயை விடுவதாக வாசித்தான். அவன் பிறந்ததிலிருந்து கத்தரிக்காயைத் தொட்டதில்லை என்று அவன் தங்கையே சபைக்கு அறிவித்தாள். இன்னொருவன் வீட்டுப்பாடத்தை விடுவதாகச் சொல்லி வெளியே போய் நின்றான்.

நான் சாக்லேட் என்று எழுதி வைத்திருந்தேன். எனக்கு முன்னால் எழுந்தவள் என் வகுப்புக்காரி, எல்லாவற்றிலும் எனக்கு ஒரு படி மேலே நிற்கிறவள். நாற்பது நாளும் டிவியே பார்க்க மாட்டேன் என்றாள். கைதட்டல். என் தாளில் இருந்த சாக்லேட் எனக்கே கேவலமாகப் பட்டது. அதோடு அன்று காலை ஜெபத்தில் கண்ணைத் திறந்தபோது அம்மாவிடம் மாட்டிக் குட்டு வாங்கியிருந்தேன். தலை இன்னும் வலித்துக்கொண்டிருந்தது. இந்தக் கோழிக்கு நான் என்ன வேலைக்காரியா என்று ஒரு ஆத்திரம் வந்தது பாருங்கள்.

பையிலிருந்து அம்மாவின் போனை எடுத்தேன். “நான் தெனமும் வெளாடுத வெளாட்ட விடுதேன் டீச்சர். இப்பவே அழிக்கேன்” என்று எல்லாருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தேன். நிச்சயமாக நீக்கவா என்று கேட்டது. அழுத்தினேன்.

அந்தக் கணத்தில் அத்தை ஞாபகம் வந்ததா என்று கேட்டால், வந்தது. நாற்பது நாள்தானே, ஈஸ்டர் அன்றைக்குத் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம், விட்டதெல்லாம் விட்ட இடத்தில் இருக்கும் என்று நினைத்தேன். நீக்கினால் தோட்டம், எண், வேலி, பக்கத்துத் தோட்டம் எல்லாம் அதோடு போய்விடும் என்று எனக்குத் தெரியாது. அத்தைக்கு ஒரு முகத்தையாவது அனுப்பிவிட்டு அழித்திருக்கலாம். கைதட்டல் அதற்குள் ஆரம்பித்துவிட்டது.

ஆராதனை முடிந்து வாசலில் ஐயர் என் தலையில் கைவைத்தார். “செயலர் பிள்ளைன்னா சும்மாவா!” என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா முகமெல்லாம் மலர்ந்து, “எத விட்ட?” என்று கேட்டார்.

“தோட்டத்த அழிச்சிட்டேம்ப்பா.”

அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. ஆனால் ஐயர் அடுத்து என்ன கேட்டார் என்பது அவர் காதில் விழவில்லை. இரண்டாம் முறை கேட்கவேண்டி வந்தது. வீட்டுக்கு வந்ததும் அம்மா, “அழிச்சிட்டியா? கேக்காமக் கொள்ளாமயா?” என்று கத்தினாள். தன் போனைத் தொட்டதற்காகக் கத்துகிறாள் என்று நினைத்து, நான் தியாகிகளுக்கே உரிய பொறுமையோடு நின்றேன்.

விட்டது நன்றாகத்தான் இருந்தது, அதையும் சொல்லவேண்டும். முதல் மூன்று நாள் ஆறு மணியானால் கை தானாகப் போனைத் தேடியது. பிறகு விட்டுப்போயிற்று. விடிகிறவரை தூங்கினேன். தெருவில் ஸ்கிப்பிங் ஆடினேன். கணக்கில் எழுபது வந்தது. எவ்வளவு நாளாக ஒரு கோழிக்குப் பயந்து வாழ்ந்திருக்கிறோம் என்று எனக்கே சிரிப்பாக இருந்தது. இன்றைக்கும் யாராவது இப்படி ஒரு விளையாட்டிலிருந்து விலகினேன் என்று சொன்னால் நல்லது என்றுதான் சொல்வேன். என்னுடையது மட்டும் கணக்கில் வேறு மாதிரி விழுந்துவிட்டது.

மார்ச் மாதம் ஒரு நாள் சாயங்காலம் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். அப்பா வந்து என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார். அவர் பாயில் உட்காருகிறவர் இல்லை.

“ஏம்மா, அந்த வெளாட்டத் திருப்பி ஏத்த முடியுமா?”

“முடியும். ஆனா ஏத்த மாட்டேன்.”

“ஒரு நாளைக்கு மட்டும்?”

“லெந்துப்பா!”

“நீ வெளாடாண்டாம். சும்மா தொறந்து, அங்கன எப்படி இருக்குன்னு பாத்துட்டு மூடிரு. ஒரு நாள் பாத்தா குடியா முழுகிப்போவும்?”

நான் பென்சிலைக் கீழே வைத்தேன். சோதனை வெளியே இருந்து வராது, வீட்டுக்குள்ளிருந்தே வரும், பிரியமானவர்கள் வாயிலாகவே வரும் என்று அந்த வாரம்தான் ஓய்வுநாள் பள்ளியில் சொல்லியிருந்தார்கள். இவ்வளவு சீக்கிரம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

“ஆண்டவருக்குன்னு சொல்லி விட்டாச்சுப்பா. கமிட்டி செயலரே இப்படிச் சொல்லலாமா?” என்றேன்.

அப்பாவின் முகம் சிவந்துபோனது. பிறகு சிரிக்கப் பார்த்தார். “செரிதான். நீ செய்யுததுதான் செரி” என்று எழுந்து போனார். குளியலறையில் ரொம்ப நேரம் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

அடுப்படியிலிருந்து அம்மா சொன்னாள், எனக்கல்ல, அந்தக் கதவைப் பார்த்து: “அவ சின்னப்பிள்ள, அவளப் போட்டு என்னத்துக்குப் படுத்துதிய? பாக்கணும்னா நீங்க போயிப் பாருங்களேன்.”

நான் சோதனையை ஜெயித்த உற்சாகத்தில் இரண்டு கணக்கு கூடுதலாகப் போட்டேன்.

ஈஸ்டர் ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் போனை எடுத்தேன். செருப்பைக் கூட கழற்றவில்லை. விளையாட்டு ஏறுவதற்கு ரொம்ப நேரம் எடுத்தது. அப்பா கையில் கேக் தட்டோடு என் பின்னால் வந்து நின்றார். உள்ளே போனால் வெறும் தரை. ஒரு முட்டை. புதிய விவசாயியே வருக என்று எழுதியிருந்தது. முதல் நாள் என்று எண்ணிக்கை காட்டியது.

“எல்லாம் இருக்கா?” என்றார் அப்பா.

“எல்லாம் போச்சுப்பா. மொதல்லருந்து.”

“பக்கத்துத் தோட்டம்?”

“அதுவும் போச்சு. அத்த தோட்டத்து நம்பர் இருந்தாத்தான்...” என்று சொல்லி நாக்கைக் கடித்துக்கொண்டேன். அந்த வீட்டில் ஆகஸ்டுக்குப் பிறகு அந்தச் சொல் வந்தது அதுதான் முதல் தடவை. அடி விழும் என்று தோளைக் குறுக்கினேன்.

அடி விழவில்லை. அப்பா தட்டை மேஜையில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. என்னுடைய பொன் வேலியும் கிரீடமும் போனதற்கு இவர் இவ்வளவு வருத்தப்படுகிறாரே என்று நினைத்து, அவர் முதுகில் தட்டிக்கொடுத்தேன். “விடுங்கப்பா. வெளாட்டுதான” என்று நான்தான் அவருக்குத் தைரியம் சொன்னேன்.

அதன் பிறகு நான் அந்த விளையாட்டைத் தொடவில்லை. அத்தையும் நினைப்பில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தாள்.

நாலு வருஷம் கழித்து, நான் பத்தாம் வகுப்பு முடித்திருந்த லீவில், அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து வீட்டில் படுத்திருந்தார். யார் வழியாகவோ கேள்விப்பட்டு, மே மாத வெயிலில் அத்தை வந்து வாசலில் நின்றாள். இடுப்பில் இரண்டு வயதுப் பெண்குழந்தை. உடம்பு பாதியாகியிருந்தது. அம்மா கையிலிருந்த கரண்டியோடு ஓடினாள். நான் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் அப்பாவைப் பார்த்தேன்.

அப்பா கட்டிலில் எழுந்து உட்காரப் பார்த்தார், தையல் இழுத்தது. “வா” என்றார். கொஞ்சம் கழித்து, “வெயில்ல வந்திருக்க. மொதல்ல தண்ணி குடி” என்றார். அவ்வளவுதான். நாலரை வருஷத்துக் கோபம் அந்த இரண்டு வாக்கியத்தில் முடிந்தது. எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அடுப்படியில் அத்தை குழந்தைக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தாள். அம்மா, “இதுதான் மூத்ததா?” என்று கேட்டாள்.

“ரெண்டாவது மைனி” என்றாள் அத்தை. கை பிசைவதை நிறுத்தவில்லை. “மொதப் பிள்ள தங்கல. கல்யாணத்துக்கு அடுத்த மார்ச்சுல. ஆறு மாசம் அப்போ. பன்னெண்டு நாளு ஆஸ்பத்திரில கெடந்தேன். அவுக வீட்டுல எல்லாரும் நல்லாத்தான் பாத்தாவ, கொறை சொல்லக்கூடாது. ஆனா அந்த நேரம் நம்ம வீட்டு ஆளு ஒருத்தர் மொகத்தப் பாக்கணும்போல இருந்துச்சு. போன் பண்ணாத்தான் போகாதுலா. தோட்டத்துல அழுகுத மொகத்த அனுப்புனேன். இவ பாத்துட்டு ஒங்கட்ட சொல்லுவா, நீங்க அண்ணன்ட்ட சொல்லுவியன்னு ஒரு நெனப்பு. மறுநாளும் அனுப்புனேன். பன்னெண்டு நாளும் அனுப்புனேன் மைனி. ஒரு கொடம் தண்ணி திரும்பி வரல. செரி, பிள்ளைக்கும் சொல்லிக்குடுத்து நிப்பாட்டிட்டாவ போலுக்கு, நாம யாரு இனி அவியளுக்குன்னு விட்டுட்டேன்.”

“அத்த, அது லெந்து” என்றேன். “நான் லெந்துக்காக விட்டிருந்தேன் அத்த. அழிச்சிட்டேன். என்கிட்ட ஒண்ணும் வரல.”

அத்தை என்னையே பார்த்தாள். “லெந்தா!” என்று சிரித்துவிட்டாள். சிரிக்கும்போதே கண்ணிலிருந்து கொட்டியது. “எனக்குத் தோணவே இல்லையேட்டி. நாம கறியத்தான விடுவோம்?” சோற்றுக் கையோடு என்னை இழுத்துக் கட்டிக்கொண்டாள். நான் அன்றைக்கு அழுத மாதிரி அதற்கு முன்னும் பின்னும் அழுததில்லை.

அவள் போன பிறகுதான் அம்மா மிச்சத்தைச் சொன்னாள். பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டே, யார் மேலும் பழி போடாத குரலில் சொன்னாள்: “ஒங்கப்பா தெனமும் வேலவுட்டு வந்து அதத்தான் பாப்பாவ. சிரிச்ச மொகம் வந்திருந்தா அன்னைக்கு ரெண்டு தோச கூடச் சாப்புடுவாவ. நீ அழிச்ச பெறகு தன் போன்லயும் ஏத்திப் பாத்தாவ. எங்கன போயித் தேடணும்னு தெரியல.”

நான் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

“நான் மட்டும் அத அழிக்காம இருந்தா, அந்த அழுகுத மொகத்தப் பாத்து நீங்க அன்னைக்கே போயிருப்பீங்கள்லாப்பா? என்னாலதான இவ்வளவும்?”

அப்பா என்னைக் கட்டில் ஓரத்தில் உட்காரச் சொன்னார்.

“அழுகுத மொகம் வந்தாத்தான் போவணும்னு என்னம்மா இருக்கு?” என்றார். “ஆறு மாசம் தெனமும் சிரிச்ச மொகம் வந்துச்சுலா. அன்னைக்கே போயிருக்கலாம்லா. தூத்துக்குடி என்ன, பஸ் ஏறுனா ஒரு மணி நேரம்.”

பிறகு, எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று, “நீ சின்னப்பிள்ள. சொன்ன சொல்லக் காப்பாத்துன” என்றார்.

அவரும் ஒரு சொல் சொல்லியிருந்தார், ஆகஸ்ட் மாதத்தில், எங்கள் எல்லார் முன்னாலும். மார்ச் மாதம் என் பக்கத்தில் பாயில் வந்து உட்கார்ந்தபோது, அதை உடைக்க யாராவது தன்னைக் கட்டாயப்படுத்த மாட்டார்களா என்றுதான் அவர் கேட்டிருக்கிறார். பதினோரு வயதில் எனக்கு அது புரியவில்லை. நான் அவருக்குச் சொல்லைக் காப்பாற்றுவது எப்படி என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்.